போன வருஷம் எத்தனை கடிதம் போட்டீர்கள்?

ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் பௌர்ணமியும் ஆருத்ரா தரிசனமும் ஒன்றாக வந்து போயிருந்தன. கிரிவலம் வந்த கூட்டம் இன்னும் முழுதாக ஊரை விட்டுக் கலையவில்லை. தேரடி வீதிப் பக்கம் ஆட்டோ நுழைய வழியில்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தேன்.

போனது கோயிலுக்கு அல்ல. பாத்திரக்கடை நண்பர் வீட்டு மாடிக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே நாங்கள் ஏழு பேர் கூடுவோம். ஏழு பேருக்கும் ஒரே பைத்தியம், தபால் தலை சேகரிப்பது. சங்கம், தலைவர், செயலாளர், சந்தா என்று எதுவும் கிடையாது. ஆளுக்கொரு ஆல்பம், ஒரு ட்வீசர், ஒரு பூதக்கண்ணாடி. காபி கடைக்காரர் வீட்டுச் செலவு. எங்களில் இளையவர் எல்.ஐ.சி. ஏஜெண்ட். அவருக்கே 58 வயது.

வருஷத்தின் முதல் கூட்டத்தில் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கும் தெரியும். முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், யாருக்குக் கண் ஆபரேஷன் என்ற விவரங்கள். அடுத்தது பேரப்பிள்ளைகள். அதற்கப்புறம்தான் ஸ்டாம்பு. அன்றைக்கு ஸ்டாம்புப் பேச்சை ஆரம்பித்தவர் தமிழாசிரியர்.

"சார், டென்மார்க் சேதி பாத்தீங்களா? தபாலையே நிறுத்திட்டாங்களாம்!"

பார்த்திருந்தேன். டென்மார்க்கின் அரசு அஞ்சல் நிறுவனமான போஸ்ட்நார்டு, 2025 டிசம்பர் 30-ஆம் தேதியோடு கடிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அந்த நாட்டு அஞ்சல் 1624-இல் ஆரம்பித்தது. நானூறு வருஷம் நடந்ததை ஒரு செவ்வாய்க்கிழமையோடு முடித்துக்கொண்டார்கள். இனி பார்சல் மட்டும்தானாம். கடிதம் போடவேண்டும் என்றால் தனியார் நிறுவனம் ஒன்று இருக்கிறது, அதனிடம் போகவேண்டும். தெருவில் நின்ற சிவப்புத் தபால் பெட்டிகளைக் கழற்றி விற்பனைக்கு வைத்தபோது சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்ததாம்.

அவ்வளவுதான், எல்லோரும் ஒப்பாரியில் இறங்கிவிட்டார்கள். "இங்கயும் அதான் சார் நடக்கப் போவுது." "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஸ்டாம்புன்னா என்னான்னே தெரியல." "செல்போன்தான் சார் எல்லாத்தயும் கெடுத்திடுச்சி." "கவர்மென்ட்டே ஸ்டாம்ப ஒழிச்சிடுச்சி. ஸ்பீட் போஸ்ட்டுல பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடறான்." "போன செப்டம்பர்ல பதிவுத் தபாலையும் எடுத்திட்டாங்க."

கடைசியாகச் சொன்னது உண்மை. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் என்பது தனியாக இல்லை, விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய இழப்புதான். ஊர் விட்டு ஊர் ஸ்டாம்பு பரிமாறிக்கொள்வதெல்லாம் பதிவுத் தபாலில்தான் நடந்தது. அந்த நீள்சதுரப் பதிவுச் சீட்டு ஒட்டிய கவர்களை மட்டுமே சேர்ப்பவர்கள் உண்டு.

அப்போது எல்.ஐ.சி. நண்பர் பெருமையோடு ஒரு பிளாஸ்டிக் உறையைத் திறந்தார். உள்ளே மூன்று பதிவுத் தபால் கவர்கள். ஆகஸ்டு மாதக் கடைசி வாரத்து முத்திரை. "கடைசி வாரம் சார் இது! பின்னாடி நல்ல விலை போகும்" என்றார். கவர்கள் கைமாறின. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். முத்திரை நன்றாக விழுந்திருந்தது. அனுப்புநர் இடத்தில் அவர் பெயர், பெறுநர் இடத்திலும் அவர் பெயர்.

"உள்ள என்னா சார் வச்சீங்க?" என்று கேட்டேன்.

"உள்ளயா? ஒண்ணுமில்ல சார். வெள்ளைப் பேப்பர மடிச்சி வச்சேன். வெயிட்டுக்கு."

எனக்கு ஏனோ சுர்ரென்று கோபம் வந்தது. அவர்மேல் மட்டும் இல்லை. "சரி, ஒரு கேள்வி கேக்கறேன். யாரும் கோவிச்சிக்கக் கூடாது. போன வருஷம் நீங்க ஒவ்வொருத்தரும் எத்தனை கடிதம் போட்டீங்க? உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டது கணக்கில் வராது. பேங்க், கோர்ட், பென்ஷன் ஆபீஸ் வராது. ஒரு மனுஷனுக்கு, நலம் விசாரிச்சு, கையால எழுதி, ஸ்டாம்பு ஒட்டி."

மாடியில் சத்தம் இல்லை. தமிழாசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கல்யாணப் பத்திரிகை என்றார். அது கூரியரில் போனது என்று அவரே திருத்திக்கொண்டார். ஏழு பேர், 365 நாள், மொத்தம் பூஜ்யம். அந்த ஏழு பேரில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடைய பூஜ்யம் மற்றவர்களுடையதைவிட மோசமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றிலிருந்து இந்த விஷயம் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தபால் செத்துக்கொண்டிருக்கிறது என்று ஊரெல்லாம் புலம்புகிறோமே, அப்படிப் புலம்ப நமக்கு என்ன யோக்கியதை? தபால் தலை சேகரிப்பவன் என்பவன் யார்? ஊரார் எழுதிய கடிதங்களின் மேல் ஒட்டியிருந்ததைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து ஆல்பத்தில் வைத்துக்கொள்பவன். ஊரார் எழுதுவதை நிறுத்தியதும் அவன் கத்துகிறான். தான் மட்டும் எழுதமாட்டான். இது, குளம் வற்றிவிட்டது என்று அழுதுகொண்டே மீன் பிடித்தவன் கதை.

ஸ்டாம்பு எதற்காக வந்தது என்பதை நாங்களே மறந்துவிட்டோம். 1840 மே மாதத்துக்கு முன்பு இங்கிலாந்தில் கடிதத்துக்குக் காசு கொடுத்தவர் பெரும்பாலும் அதைப் பெற்றுக்கொள்பவர்தான். தூரத்துக்குத் தக்கபடி கட்டணம் ஏறும். ஏழைகள் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பார்களாம். மேலுறையில் ஏதாவது அடையாளக் குறி போட்டு, காசில்லாமல் சேதி சொல்லிவிடும் தந்திரமும் இருந்தது. ரோலண்ட் ஹில் என்பவர் அதை மாற்றினார். நாடு முழுக்க ஒரே கட்டணம், அதையும் அனுப்புகிறவரே முன்னதாகக் கட்டிவிட வேண்டும், கட்டியதற்கு அடையாளமாக ஒரு சின்னக் காகிதம். அதுதான் பென்னி பிளாக். நம் நாட்டில் 1854 அக்டோபர் 1-இல் அதே முறை வந்தது. அரையணா ஒட்டினால் கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் போய்ச் சேரும்.

ஆக, தபால் தலையின் தர்மம் இதுதான்: செலவு அனுப்புகிறவனுடையது. உன்னை நினைத்தேன், அதற்கு என் காசையும் என் நேரத்தையும் செலவழித்தேன், நீ சும்மா வாங்கிக்கொண்டால் போதும்.

இப்போது இந்த ஜனவரி 1-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். குமாஸ்தா புத்தி போகாது, உட்கார்ந்து எண்ணினேன். என் வாட்ஸ்அப்பில் வந்த புத்தாண்டு வாழ்த்துகள் 71. அவற்றில் என் பெயரைப் போட்டு வந்தவை 2. சூரிய உதயமும் ரோஜாவும் மெழுகுவத்தியும் இருக்கிற ஒரே படம் ஒன்பது பேரிடமிருந்து ஒன்பது முறை வந்தது. ஒரு வாழ்த்தின் அடியில் ஏதோ ஒரு ஊர் ஜவுளிக்கடையின் போன் நம்பர் இருந்தது. அனுப்பிய நண்பர் அந்த ஊருக்குப் போனதே கிடையாது. அனுப்பியவருக்கு ஆன செலவு, விரலால் ஒரு தட்டு. மொத்தச் செலவும் என்னுடையது. திறக்கவேண்டும், பார்க்கவேண்டும், பதிலுக்கு இரண்டு கைகூப்பல் போடவேண்டும். சாயங்காலம் போன் நிரம்பிவிட்டது என்று பேரன் உட்கார்ந்து அழிக்கவேண்டும். 1840-க்கு முன்னால் இருந்த நிலைமைக்கே திரும்பி வந்துவிட்டோம். வாங்குகிறவன் தலையில் செலவு. அந்தக் கால ஏழைக்காவது வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை இருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் குறுக்கிடுவீர்கள். "வாழ்த்து அட்டை மட்டும் என்ன, அச்சடித்ததுதானே?" என்பீர்கள். தந்தி ஆபீஸில் வாழ்த்துக்கு நம்பர் போட்டு வைத்திருந்தார்கள், கல்யாணத்துக்கு ஒரு நம்பர், புத்தாண்டுக்கு ஒரு நம்பர், நம்பரைச் சொன்னால் வாசகம் போய்ச் சேரும், அது என்ன சொந்த வாசகமா என்பீர்கள். மாடியில் பாத்திரக்கடைக்காரரும் இதையேதான் கேட்டார்.

நல்ல கேள்வி. நம் காலத்தில் மார்கழி பாதியிலேயே நடைபாதைக் கடைகளில் பொங்கல் வாழ்த்து தொங்கும். முருகன், கரும்பு, பானை, எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று வரிசையாக இருக்கும். எல்லாம் அச்சடித்தவைதான். ஆனால் அதை வாங்க நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். மாமாவுக்கு இந்த எம்.ஜி.ஆர்., அவர் பெண்டாட்டிக்குப் பிடிக்காது, அதனால் முருகனே இருக்கட்டும். கணக்கு வாத்தியாருக்குத் திருவள்ளுவர். ஒவ்வொரு அட்டையை எடுக்கும்போதும் ஒரு முகம் மனசில் வந்து போகும். வீட்டுக்கு வந்து விலாசம் எழுதவேண்டும். விலாசம் எழுத, அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டாரா என்று யாரிடமாவது கேட்கவேண்டும். உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, மூலையில் 'புக் போஸ்ட்' என்று எழுதினால் கட்டணம் குறைவு. ஆனால் அதில் கையால் நிறைய எழுதக்கூடாது என்று விதி. அந்த விதியை மீறி, ஓரத்தில் பொடி எழுத்தில் "பாப்பாவுக்குக் காது குத்தியாச்சு" என்று எழுதாத குடும்பம் உண்டா?

அச்சு வாசகம் ஒரு சாக்கு. அதன் ஓரத்தில் எழுதியதுதான் வாழ்த்து. இன்றைக்கு வருகிற படத்துக்கு ஓரமே கிடையாது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவன். அங்கே வருஷா வருஷம் ஜனவரி பிறந்தால் பெற்றோருக்குப் புத்தாண்டுக் கடிதம் எழுதவைப்பார்கள். கோணல் இல்லாமல், மை சிந்தாமல், கோடு போட்ட தாளில். நானும் அழகாக எழுதிக்கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தேன். அப்பாவுக்குப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். "படிச்சிக் காட்டு" என்றார். படித்தேன். "தமிழ்ல சொல்லு" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதையே உங்க ஆயாவுக்குத் தமிழ்ல எழுது" என்றார். ஆயா இருந்தது திருவண்ணாமலையில். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத ஒரு வரி ஒழுங்காக வராது. அந்த ஒரு கார்டு எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுப் படிக்கச்சொல்லிக் கேட்டார்களாம். அப்புறம் மாடப்பிறையில் விளக்குக்குப் பின்னால் செருகி வைத்தார்களாம். நான் இன்றைக்கு இந்தத் தமிழை எழுதுகிறேன் என்றால், அதற்கு விதை போட்டது அந்தக் கார்டு.

பிரெஞ்சுக்காரர்களிடம் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. புத்தாண்டு வாழ்த்தை ஜனவரி 31 வரை அனுப்பலாம், அதுவரை தாமதம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ஒருநாளில் 71 படங்களைக் கொட்டுவதற்குப் பதிலாக ஒரு மாதம் உட்கார்ந்து நிதானமாக எழுதலாம். ஆனால் அவர்களும் இப்போது ஒழுங்கில்லை. 2023 ஜனவரி 1 முதல் பிரான்ஸில் சிவப்பு ஸ்டாம்பு ஒட்டும் அவசரக் கடிதத்தை எடுத்துவிட்டார்கள். மறுநாளே சேரவேண்டும் என்றால், கடிதத்தைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பவேண்டும். தபால்காரர்களே அதை அந்த ஊருக்குப் பக்கத்தில் அச்செடுத்து உறையில் போட்டுக் கொடுப்பார்கள். நம் கடிதத்தை முதலில் இயந்திரம் படிக்கும், அப்புறம்தான் அம்மா படிப்பாள்.

"அதைத்தான் நாங்களும் சொல்றோம், அரசாங்கம்தான் குற்றவாளி" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அரசாங்க அலுவலகத்தில் பேனா பிடித்தே தலை நரைத்தவன் நான். ஒரு சேவை எப்படி மூடப்படுகிறது என்று எனக்குத் தெரியும். யாரும் சதி செய்வதில்லை. கோப்பில் கடந்த சில வருஷங்களின் எண்ணிக்கையை அட்டவணையாகப் போட்டு, கீழே 'பயன்பாடு கணிசமாகக் குறைந்துள்ளது' என்று ஒரு வரி எழுதினால் போதும். மேலே இருக்கிறவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். டென்மார்க்கிலும் அதுதான் நடந்தது. 2000-ஆம் ஆண்டிலிருந்து கணக்குப் பார்த்தால் கடிதங்கள் 90 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டன. அந்த அட்டவணையை எழுதிக்கொடுத்தது அங்கே கடிதம் எழுதாமல் விட்ட ஒவ்வொருவரும்தான். இங்கே நம் அட்டவணையை நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்கள் மாடியின் பங்கு: ஏழு பேர், பூஜ்யம்.

தந்தியை மறந்துவிட்டீர்களா? 2013 ஜூலை 14, கடைசி நாள். அன்றைக்கு நாடெங்கும் தந்தி அலுவலகங்களில் வரிசை. அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காதவர்கள், கடைசித் தந்தி கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள வந்து நின்றார்கள். டென்மார்க்கில் பெட்டிகள் விற்றுத் தீர்ந்த கதையும் அதுவே. பெட்டி தெருவில் நின்றபோது அதற்குள் கடிதம் போட ஆளில்லை. வீட்டு வரவேற்பறையில் வைக்க ஆயிரம் பேர். நம் எல்.ஐ.சி. நண்பரின் மூன்று கவர்களும் அந்த வரிசைதான். உயிரோடு இருந்தபோது சோறு போடாமல், பதினாறாம் நாள் படையலுக்கு வடை பாயசம்.

தபால் துறை மேல் எனக்கும் குறை உண்டு. ஒரு கவுன்டரில் என் கண் முன்னாலேயே அழகான நினைவுத் தபால் தலையின் மேல் பால்பாயின்ட் பேனாவால் குறுக்கே கிழித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பிள்ளைகளைப் பற்றிப் புலம்புகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017 முதல் ஸ்பர்ஷ் என்ற திட்டம் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் தபால் தலை சேகரித்தால், தேர்வு வைத்து, வருஷத்துக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை. 'டாய் ஆக்கர்' என்று கடிதம் எழுதும் போட்டியும் நடத்துகிறார்கள். எங்கள் ஏழு பேரில் எத்தனை பேர் தன் பேரனையோ, தெருப் பிள்ளையையோ இதற்கு அனுப்பியிருக்கிறோம்? அதுவும் பூஜ்யம். ஆல்பத்தைத் தொடவிடாமல் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஸ்டாம்பு என்றால் என்ன என்று தெரியவில்லையாம்!

போனில் பேசினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதும். தாராளமாகப் பேசுங்கள். பேத்தி வீடியோவில் வந்து பல் விழுந்ததைக் காட்டினால் நானும்தான் உருகுகிறேன். போனோடு எனக்குச் சண்டை இல்லை. பேசாமல், எழுதாமல், பார்க்காமல், ஆனால் தொடர்பில் இருக்கிறோம் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோமே, அந்த ஃபார்வர்டோடுதான் சண்டை.

இதற்கு மேல் நியாயம் பேசாமல் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கூட்டத்தில் முன்பு எட்டுப் பேர். எட்டாவது ஆள் மின்வாரியத்தில் லெட்ஜர் எழுதியவர். முத்து முத்தான கையெழுத்து. ஆல்பத்தில் அவர் எழுதிய குறிப்புகளை அச்சு என்று நினைத்தவர்கள் உண்டு. எங்கள் இருவருக்கும் பல வருஷமாக ஒரு செல்லச் சண்டை. 1971 ஏப்ரல் 14-இல் ரமண மகரிஷிக்கு 20 காசு தபால் தலை வெளியிட்டார்கள். அதில் நான்கு சேர்ந்த பிளாக் ஒன்று அவரிடம் கசங்காமல் இருந்தது. பெரிய விலை ஒன்றும் இல்லை, தேடினால் கிடைக்கும். ஆனால் எனக்கு அவருடையதுதான் வேண்டும். "நான் போனப்புறம் எடுத்துக்குங்க" என்பார். நான் "நீங்க போகவே மாட்டீங்க" என்பேன்.

மனைவி காலமானபின் மகன் அவரைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து எனக்குப் படம் வரும். பிள்ளையார், தாமரை, காலை வணக்கம். நானும் பதிலுக்குக் கைகூப்புவேன். நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மாடியில் யாராவது விசாரித்தால், "தினமும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று வேறு சொல்வேன்.

2025 ஜனவரி இரண்டாம் வாரம் அவரிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஐம்பது காசுக் கார்டு. ஐந்தே வரி. பொங்கல் வாழ்த்து. மகன் வீடு ஏழாவது மாடி. ஜன்னலில் கட்டடம்தான் தெரிகிறது, மலை தெரியவில்லை. ரமணர் பிளாக் உங்களுக்கே. வந்து வாங்கிக்கொள்ளவும்.

எழுத்து ஆடியிருந்தது. வரி கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. முத்துப் போன்ற அந்த எழுத்தா இது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. காரில் போகும்போது எழுதியிருப்பார் என்று நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கார்டைப் போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஏழு பேரும் கட்டைவிரல் உயர்த்தினோம். அவருக்கும் ஒரு கட்டைவிரல், ஒரு கைகூப்பல், ஒரு கரும்புப் படம். வேலை முடிந்தது.

பதில் எழுதவில்லை. போகவும் இல்லை. இங்கிருந்து பெங்களூர் ஒரு பகல் பயணம்.

ஆனி மாதம் மகன் போன் செய்தார். ஒன்றரை வருஷமாகவே நரம்புத் தளர்ச்சியாம், கை நடுக்கமாம். கார்டு எழுதியது காரில் அல்ல, மேஜையில் உட்கார்ந்து, இரண்டு மூன்று கார்டு வீணாக்கி எழுதியதாம். அதன்பின் கொஞ்ச நாள் மதியம் ஆனால் கீழே போய்த் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வரச் சொல்வாராம். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு முந்தின நாள் காலைவரை எனக்குப் பிள்ளையாரும் தாமரையும் வந்துகொண்டுதான் இருந்தன, அதே வண்ணத்தில், துளி நடுக்கம் இல்லாமல்.

கையெழுத்து எனக்குச் சொன்னது. நான்தான் கேட்கவில்லை. தினமும் வந்த முந்நூறு படங்கள் எதையும் சொல்லவில்லை. என் பூஜ்யம் மோசமானது என்று மேலே சொன்னேனே, காரணம் இதுதான். மற்றவர்கள் எழுதவில்லை. நான் வந்ததற்குப் பதில்கூட எழுதவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று நினைவுபடுத்த வேண்டும். மௌனத்தையே உபதேசமாகக் கொண்டவர் இங்கே மலையடிவாரத்தில் இருந்தார். ஆசிரமத்துக்கு எங்கிருந்தெல்லாமோ கடிதம் வரும். அவற்றை அவர் படிப்பார். அலுவலகத்தில் எழுதிய பதில்கள் அவர் பார்வைக்கு வந்த பிறகுதான் தபாலுக்குப் போகும். அதற்கும் முன்னால், 1896 ஆகஸ்டில் மதுரையில் வீட்டை விட்டுப் புறப்பட்டபோதுகூட அந்தப் பையன் சொல்லாமல் போய்விடவில்லை. என்னைத் தேடவேண்டாம் என்று சீட்டு எழுதி, அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டவில்லை என்பதையும் குறிப்பிட்டு, மீதி இரண்டு ரூபாயை அதோடு வைத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் துறந்தவருக்கு ஒரு சீட்டு எழுத நேரம் இருந்தது. பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் நமக்கு நேரம் இல்லையா?

மறுநாள் திங்கட்கிழமை தபால் நிலையம் போய் 25 போஸ்ட் கார்டு கேட்டேன். பன்னிரண்டரை ரூபாய். கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "கார்டு அனுப்பற போராட்டமா சார்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம்.

ஆளுக்கு மூன்று கார்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரெஞ்சுக் கணக்குப்படி ஜனவரி 31 வரை தவணை. சேகரிப்பதற்கு அல்ல, எழுதுவதற்கு. நிபந்தனை இரண்டு: உள்ளூரில் ஒருவருக்காவது போடவேண்டும், போட்டோ எடுத்துக் குழுவில் போடக்கூடாது. "சார், பக்கத்துத் தெருக்காரருக்கு எதுக்கு சார் கார்டு?" என்று கேட்டார்கள். பக்கத்துத் தெருக்காரரின் கதவு எண் தெரியுமா என்று திருப்பிக் கேட்டேன். தெரியவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், யாருக்கும் யாருடைய விலாசமும் தெரியவில்லை.

இதை எழுதும்போது பொங்கல் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. எனக்கு இதுவரை வந்தவை இரண்டு. ஒன்று தமிழாசிரியருடையது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், கார்டு வந்து சேர நான்கு நாள் ஆனது. என்னைப் பத்து வரி திட்டியிருக்கிறார். அன்றைக்கு மாடியில் நான் பேசியது அதிகப்படியாம், எல்.ஐ.சி. நண்பரின் மனசு நொந்துவிட்டதாம். நேரில் சொல்லியிருக்க மாட்டார். படத்தில் நிச்சயம் சொல்லியிருக்க மாட்டார். நியாயம்தான் என்று பட்டது. எல்.ஐ.சி. நண்பருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கிறேன்.

இரண்டாவது, பெங்களூரிலிருந்து நண்பரின் மகன் எழுதியது. அவருக்கு நான் போட்ட கார்டுக்குப் பதில். ரமணர் பிளாக்கை அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். மாசி பிறந்ததும் போகவேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் என் வயதுக்காரர்கள் நிறையப் பேர். உங்களை 25 கார்டு வாங்கச் சொல்லவில்லை. ஒன்று வாங்குங்கள். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. தினமும் உங்களுக்குக் காலை வணக்கம் அனுப்புகிறவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய விலாசம் தெரியாது என்றால், போன் செய்து கேளுங்கள். குரல் எப்படி இருக்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.